அதியமான் வாசலில் ஒரு பேமெண்ட் தகராறு

அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு தடவை பேமெண்ட்டை இழுத்தடித்தார்.

ஆமாம், அதே அதியமான்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் கவிஞருக்குக் கொடுத்தார் என்று பள்ளிக்கூடத்திலேயே நம் தலையில் ஏற்றப்பட்டவர். சேலத்திலிருந்து மஞ்சவாடி கணவாய் ஏறி இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று பஸ்ஸில் போகிறீர்களே, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கரும்பு, மஞ்சள், மரவள்ளி, பின்னால் சேர்வராயன் மலை எல்லாம் ஒரு காலத்தில் அவருடைய தகடூர் (இன்றைய தர்மபுரி) நாட்டுச் சீமை. அந்த வள்ளலின் வாசலில்தான் ஔவையார் பரிசு வாங்குவதற்காகக் காத்துக் கிடந்தார். பரிசு வரவில்லை. கோபம் வந்தது.

ராஜாவை நேருக்கு நேர் திட்டினால் நாகரிகமாக இருக்காது. அதனால் வாசலில் நின்ற காவல்காரரைப் பிடித்துக்கொண்டார். புறநானூற்றில் 206-வது பாட்டு. சாரத்தை இன்றைய பாஷையில் சொன்னால் இப்படி வரும்: ஏம்ப்பா, உங்க ராஜாவுக்குத் தன்னோட தகுதி மறந்துபோச்சா, இல்ல என்னோட தகுதி தெரியலையா? அறிவும் புகழும் உள்ளவங்க எல்லாரும் செத்து உலகம் ஒண்ணும் காலியாகிடலை. யாழை எடுத்தாச்சு, பையைக் கட்டியாச்சு. கோடாலி வெச்சிருக்கிற தச்சன் பிள்ளைக்குக் காட்டுல மரத்துக்கா பஞ்சம்? எங்க போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு!

பாவம் அந்தக் காவல்காரர். சம்பளமும் குறைவு, இலக்கிய ரசனையும் அவருடைய வேலையில் சேர்த்தி இல்லை. இருந்தும் இரண்டாயிரம் வருஷமாகத் தமிழர்கள் அவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம், தேர்வில் பத்து மார்க் வாங்கிக்கொண்டு.

இந்த இடத்தில் ஔவையார் என்றதும் உங்கள் மனக்கண்ணில் வெள்ளைப் புடவையும் கையில் கோலுமாக ஒரு பாட்டி வந்து நின்றிருப்பார். அழித்துவிடுங்கள். அந்தப் பாட்டி 1953-ல் ஜெமினி வாசன் எடுத்த 'ஔவையார்' படத்தின் கே.பி.சுந்தராம்பாள். சங்ககால ஔவையைப் பார்த்து ஒரு எதிரி ராஜா 'விறலியே' என்று கூப்பிட்டதாகப் புறநானூற்றில் வருகிறது. விறலி என்றால் ஆடிப் பாடும் கலைஞர். இடுப்பில் மணிமேகலை, மை தீட்டிய கண் என்று வர்ணனை வேறு. நாம் முருகனோடு நாவல் மரத்தடியில் உட்காரவைத்த பாட்டிக்கும் இவருக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி உண்டு. பெயர் ஒன்றாக இருந்ததால் நம் ஆட்கள் மொத்தமாக ஒரே ஆதார் கார்டில் போட்டுவிட்டார்கள்.

சுந்தராம்பாள் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1933-ல் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா இறந்த பிறகு, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று அந்த அம்மாள் ஒதுங்கிவிட்டார். 'நந்தனார்' படம் எடுக்க வந்தவர்கள் விடவில்லை. எப்படியாவது துரத்தவேண்டும் என்று 'ஒரு லட்சம் ரூபாய் கொடுங்கள்' என்றாராம். 1935-ல் ஒரு லட்சம்! ஓடிப்போவார்கள் என்று பார்த்தால் சம்மதித்துவிட்டார்கள். அம்மாள் நந்தனாராக ஆண் வேடத்திலேயே நடித்து முடித்தார். விரட்டுவதற்காகச் சொன்ன தொகையே மார்க்கெட் ரேட் ஆகிவிடும் விசித்திரம் கலையுலகத்தில் மட்டும்தான் நடக்கும். கொத்தனாரிடம் முயன்று பாருங்கள், அவர் நிஜமாகவே போய்விடுவார்.

சரி, தகடூருக்குத் திரும்புவோம். பரிசுத் தகராறு எப்படியோ தீர்ந்திருக்கிறது, ஏனென்றால் ஔவையார் அங்கேயே தங்கிவிட்டார். தங்கி என்ன செய்தார்? அதியமானை ஒரு பிராண்ட் ஆக்கினார். அவருடைய முன்னோர்கள்தான் கரும்பை வானுலகத்திலிருந்து இந்தப் பூமிக்குக் கொண்டுவந்தவர்கள் என்று பாடினார். (கோபாலபுரத்தில் இருக்கும் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை இதைச் சர்க்கரை மூட்டையில் தாராளமாக அச்சடித்துக்கொள்ளலாம். காப்பிரைட் காலம் முடிந்து ரொம்ப நாளாகிறது.) அதியமான் கோவலூரை ஜெயித்ததைப் பாடும்போது, பரணரும் இதைப் பாடியிருக்கிறார் என்று சாமர்த்தியமாகச் சேர்த்துக்கொண்டார். 'அந்தப் பத்திரிகையே நாலு ஸ்டார் கொடுத்திருக்கு' என்று போஸ்டரில் போடுவோமே, அதேதான்.

நெல்லிக்கனிக்கு வருவோம். அதியமான் அதைக் கொடுத்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் கணக்குப் பார்த்தால் இது உலகத்தின் ஆகச் சிறந்த முதலீடு. செலவு, ஒரு நெல்லிக்காய். வரவு, இரண்டாயிரம் வருஷப் புகழ். சாகாமல் இருக்கவேண்டும் என்றால் பழத்தைத் தின்பதைவிட அதைக் கவிஞரிடம் கொடுத்துவிடுவது நல்லது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாருங்கள், பழத்தைத் தின்ற ஔவையும் போய்விட்டார், தின்னாத அதியமானும் போய்விட்டார். பாட்டு மட்டும் இன்னும் சாகவில்லை.

ஔவையை அதியமான் தூதராகவும் அனுப்பினார், காஞ்சியில் இருந்த தொண்டைமானிடம். அந்த மனிதர் பெருமையாகத் தன் ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டினார். உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கும்: புது வீடு கட்டியவர் மாடுலர் கிச்சன் முதல் மாடியில் இருக்கும் ஹோம் தியேட்டர் வரை காட்டுவாரே, அந்த டூர். ஔவையார் எல்லாவற்றையும் ரசித்தார். அடடா, உங்கள் வேல்களுக்கு மயில்பீலி சூட்டியிருக்கிறீர்கள், நெய் பூசியிருக்கிறீர்கள், காவல் போட்ட மாளிகையில் பளபளவென்று வைத்திருக்கிறீர்கள். எங்கள் ராஜாவின் வேல்கள் எல்லாம் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்றார். தொண்டைமான் முதல் பாதியைக் கேட்டுச் சிரித்திருப்பார். இரண்டாம் பாதி உறைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பாட்டில் இல்லை.

இந்த ஆயுதசாலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் ஜெனீவாவுக்குப் போகவேண்டும், அங்கே உதவும்.

அதியமான் வாசலில் இன்னொரு தகராறும் நடந்தது. இந்தத் தடவை ஆள் பெருஞ்சித்திரனார். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டில் பெரிதாக இருந்தது பசி மட்டும்தான். சோறு இல்லாத பானையைத் திறந்து பார்த்து அழும் குழந்தை, அதற்குப் புலி வருது, அதோ நிலா என்று ஏதேதோ சொல்லிச் சமாளிக்கும் மனைவி என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். குன்றும் மலையும் தாண்டி அதியமானைப் பார்க்க வந்தார். எந்த மலை என்று சொல்லவில்லை. மஞ்சவாடி கணவாயாக இருந்தால் அந்த மூச்சுவாங்கலுக்கே தனியாகப் படி கொடுக்கலாம்.

அன்றைக்கு அதியமான் பிஸி. ஆனாலும் நல்ல மனசு. 'அவருக்கு இதைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்' என்று உள்ளேயிருந்தே பரிசை அனுப்பினார். நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? வாங்கிக்கொண்டு, கும்பிடு போட்டு, அடுத்த பஸ் பிடிப்போம். பெருஞ்சித்திரனார் வாங்க மறுத்துவிட்டார்! என் முகத்தைப் பார்க்காமல், என் பாட்டைக் கேட்காமல் கொடுப்பதை வாங்க நான் என்ன வியாபாரியா என்று கேட்டார். என்னைப் பார்த்து, என் தரம் தெரிந்து, தினை அளவு கொடுத்தாலும் அது இனிக்கும் என்றார். (புறநானூறு 208.)

வீட்டில் குழந்தை பட்டினி. அய்யா வாசலில் ஈகோ கிளாஷ். அவர் மனைவியின் கருத்தை யாராவது பாட்டாக எழுதிவைத்திருந்தால் புறநானூறு இன்னும் சுவாரசியமாக இருந்திருக்கும். ஆனாலும் ஒரு விஷயத்தில் அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. பணம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. புகழும் வேண்டும், பரிசும் வேண்டும், எல்லாம் வேண்டும். கண்டிஷன் ஒன்றே ஒன்று: முதலில் பாரு, அப்புறம் கொடு.

இதே பெருஞ்சித்திரனார் இளவெளிமான் என்ற குறுநில மன்னரிடம் போனார். மன்னர் ஏதோ சில்லறையாகக் கொடுத்தார். கவிஞர் அதையும் வாங்கவில்லை. நேரே குமணன் என்ற வள்ளலிடம் போய்ப் பாடி ஒரு யானையை வாங்கினார். யானையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? இல்லை. அதை ஓட்டிக்கொண்டு திரும்ப இளவெளிமான் ஊருக்கே வந்தார். ஊரின் காவல்மரத்தில் கட்டினார். உள்ளே போய், ராஜா, கேட்பவர்களுக்குக் கொடுப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள், வெளியே வந்து பாருங்கள், இந்த யானை உங்களுக்கு என் பரிசு, வரட்டுமா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதில் இருக்கும் கொழுப்பைக் கவனியுங்கள். காவல்மரத்தில் யானையைக் கட்டுவது என்பது ஜெயித்த எதிரி ராஜா செய்கிற வேலை. அதை ஒரு பட்டினிக் கவிஞர், கையில் ஒரு சிப்பாய்கூட இல்லாமல், ஒரே ஆளாகச் செய்துவிட்டார். அதுவும் மாசச் சாப்பாட்டுக்கு வழியில்லாத நிலையில் முழுசாக ஒரு யானையைச் செலவழித்து! இன்றைக்கு ஆளுக்கொரு ட்வீட் போட்டு முடித்துவிடுகிறோம். அன்றைக்கு எதிர்வினைக்கு நான்கு டன் எடை இருந்தது.

பிறகு குமணன் கொடுத்த செல்வத்தோடு வீட்டுக்குப் போனார். மனைவியிடம் ஒப்படைத்து, கேட்டவர், கேட்காதவர், கடன் கொடுத்தவர், சொந்தம், பந்தம் என்று எல்லோருக்கும் கொடு, என்னையும் கேட்கவேண்டாம் என்றார். சேர்த்துவைப்போம் என்ற நினைப்பும் வேண்டாமாம். பெருஞ்சித்திரனாருக்குக் கடைசிவரை ஏன் கையில் காசு நிற்கவில்லை என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. அவரே வாக்குமூலம் கொடுத்துவிட்டார்.

எல்லாக் கவிஞர்களும் இவரைப் போல இல்லை. சேர மன்னர்களைப் பாடிய பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பத்துப் பாட்டுக்கும் பின்னால் பதிகம் என்று ஒன்று வரும். யார் பாடினார், யாரைப் பாடினார், என்ன வாங்கினார் என்ற விவரம். அதாவது இன்வாய்ஸ். காப்பியாற்றுக் காப்பியனாருக்குப் பத்துப் பாட்டுக்கு 40 லட்சம் பொன். குமட்டூர்க் கண்ணனாருக்கு 500 ஊர்கள், அதோடு 38 வருஷத்துக்கு வருவாயில் பங்கு. ராயல்டி என்பதை லண்டன்காரன் கண்டுபிடித்தான் என்று இனி யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெண். அவருக்கு நகை செய்துகொள்ள ஒன்பது காப் பொன் (கா என்பது அந்தக் கால எடை), ரொக்கமாக ஒரு லட்சம் காணம் என்ற பொற்காசு. கபிலருக்கும் அதே ஒரு லட்சம், அதோடு ஒரு குன்றின்மேல் ஏறி நின்று கண்ணுக்கு எட்டிய நாடெல்லாம். அவருக்குக் கிட்டப்பார்வை இருந்திருந்தால் சேரனுக்கு லாபம்.

இந்தப் பட்டியலில் தகடூர்க்காரர்களுக்கு வயிறு எரியவேண்டிய பெயர் அரிசில்கிழார். அதியமானின் தகடூரை அடித்து நொறுக்கியவர் பெருஞ்சேரல் இரும்பொறை. நொறுக்கியதைப் பாராட்டிப் பாடியவர் அரிசில்கிழார். சேரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராணியோடு அரண்மனைக்கு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உங்களுக்கே என்றார். 9 லட்சம் காணம், கூடவே சிம்மாசனம். பாட்டுக்கு 90,000 வீதம். கவிஞர் என்ன செய்தார்? சிம்மாசனத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அமைச்சர் வேலை போதும் என்றார். ராஜாங்கமே மடியில் வந்து விழுந்தாலும் கவர்மென்ட் உத்தியோகம்தான் கேட்பேன் என்ற தமிழ்ப் பண்பாடு அன்றைக்கே முழு வளர்ச்சி அடைந்திருக்கிறது.

கடைசியாகப் பெருங்குன்றூர்கிழார். இளஞ்சேரல் இரும்பொறை இவருக்கு 32,000 காணமும், அவருக்கே தெரியாமல் ஊரும் வீடும் கொடுத்ததாகப் பதிகம் சொல்கிறது. ஆஹா என்று புறநானூற்றைத் திறந்தால், அதே கவிஞர், அதே ராஜாவாகக் கருதப்படும் சேரனிடம், என்னை வெறுங்கையோடு அனுப்புகிறாயே என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்! எது நிஜம்? முதலில் இழுத்தடித்துப் பிறகு கொடுத்திருக்கலாம். இன்னொன்றும் சொல்லவேண்டும். பதிகங்கள் பாட்டோடு பிறந்தவை கிடையாது, பிற்காலத்தில் யாரோ எழுதிச் சேர்த்தவை என்பதுதான் அறிஞர்கள் பலரின் கருத்து. 'முதல் வாரமே நூறு கோடி வசூல்' என்று தயாரிப்பாளர் போடும் போஸ்டரை எவ்வளவு நம்புவீர்களோ, அவ்வளவு நம்பினால் போதும்.

ஆனால் பெரிய தொகை என்ற பேச்சுக்கே ஒரு சக்தி உண்டு. பட்டினப்பாலைக்குக் கரிகாலன் 16 லட்சம் பொன் கொடுத்தார் என்று பின்னால் வந்த கலிங்கத்துப்பரணி சொன்னது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து மாளிகைகளை எல்லாம் தரைமட்டமாக்கினார். பட்டினப்பாலைக்காகக் கொடுக்கப்பட்ட பதினாறுகால் மண்டபத்தை மட்டும் தொடவில்லை. திருவெள்ளறைக் கல்வெட்டு இதைச் சொல்லி வைத்திருக்கிறது. ஊரெல்லாம் கொளுத்திக்கொண்டு வந்தவர் ஒரு கவிதையின் சம்பளச் சீட்டுக்கு முன்னால் பிரேக் போட்டு நின்றிருக்கிறார்.

புகழைக் கவிஞரிடமே விட்டுவிடாமல் அதியமான் தானாகவும் கொஞ்சம் முயற்சி செய்தார். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981-ல் ஒரு பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி இந்தப் பள்ளியைக் கொடுத்தான் என்று ஒரே வரி. அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். வரலாற்றுக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் படித்துப் பாருங்கள்: டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிறோமே, அதே நடை. தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டபோது வள்ளலுக்கு ஒரு வரி வந்தது. ஔவையார் எழுதியபோது ஒரு காவியம் வந்தது. சில வேலைகளை அவுட்சோர்ஸ் செய்துவிடுவது உத்தமம்.

இப்போது கொஞ்சம் வேகமாக இரண்டாயிரம் வருஷத்தைத் தாண்டுவோம்.

2021 மார்ச் 11. கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி ஒரு படத்தை விற்றது. பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் மைக் விங்கிள்மேன் என்ற அமெரிக்கர் 2007-லிருந்து தினம் ஒன்றாகப் போட்ட 5,000 படங்களை ஒரே சதுரத்தில் ஒட்டிய டிஜிட்டல் கோப்பு. சுவரில் மாட்ட ஒன்றும் இல்லை. என்எஃப்டி என்ற டிஜிட்டல் பட்டாதான் சரக்கு. ஏலம் 100 டாலரில் தொடங்கியது. 6 கோடியே 93 லட்சம் டாலரில் முடிந்தது. நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ 500 கோடி ரூபாய். அந்தப் படத்தை நீங்கள் இந்த நிமிஷம் உங்கள் போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வாங்கியவருக்குக் காப்பிரைட்டும் கிடையாது.

வாங்கியது யார்? உலகமே தலையைச் சொறிந்தது. ஏலத்தில் பதிந்திருந்த பெயர், மெட்டாகோவன்.

கோவன்! உங்களுக்கும் எனக்கும் அப்போதே பொறி தட்டியிருக்கவேண்டும். ஆள் விக்னேஷ் சுந்தரேசன், சிங்கப்பூரில் வசிக்கும் தமிழர், கிரிப்டோவில் சம்பாதித்தவர். கூட்டாளியும் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார்: ட்வோபடூர். ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்ப் பாடிய ட்ரூபடூரை வைத்து விளையாடிய பெயர். ஆக ஒருவர் கோ, இன்னொருவர் பாணர். புறநானூறு முழு செட்டும் கிறிஸ்டீஸில் போய் உட்கார்ந்திருக்கிறது! இந்தியர்களும் வெள்ளையர் அல்லாதவர்களும்கூடக் கலைக்குப் புரவலராக முடியும் என்று காட்டுவதற்காகத்தான் வாங்கினோம் என்று இருவரும் பிறகு அறிவித்தார்கள். மனதைத் தொடும் காரணம்தான். 500 கோடி கொடுத்துத்தான் அதை நிரூபிக்கவேண்டும் என்பதில்லை, தகடூரில் ஒரு நெல்லிக்காயில் நிரூபித்து முடித்துவிட்டார்கள் என்று யாராவது போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்.

விங்கிள்மேன் என்ன செய்தார்? சில மாதங்களுக்கு முன்புவரை அவருடைய படப் பிரதி ஒன்று 100 டாலருக்குமேல் போனதில்லை. கைக்கு வந்த ஈதர் கிரிப்டோவை உடனே டாலராக மாற்றிக்கொண்டார். இந்த என்எஃப்டி வியாபாரம் ஒரு நீர்க்குமிழி என்று வெளிப்படையாகவும் சொன்னார். அடுத்த வருஷம் அந்தச் சந்தை படுத்தேவிட்டது. சிம்மாசனத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரொக்கத்தை வாங்கிய அரிசில்கிழாரின் ஆவி தென் கரோலினா பக்கம் போய் வந்திருக்கிறது என்பது என் தனிப்பட்ட சந்தேகம்.

அந்த ஏலத்தில் கடைசி நிமிஷத்தில் கோட்டைவிட்டவர் ஜஸ்டின் சன் என்ற சீனத்து கிரிப்டோ அதிபர். தமிழரிடம் தோற்ற வலி லேசில் ஆறுமா? 2024 நவம்பரில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் ஒரு கலைப்படைப்பை விடாப்பிடியாக வாங்கினார். மௌரிசியோ கட்டெலான் என்ற இத்தாலியர் செய்தது. சுவரில் டேப் போட்டு ஒட்டிய ஒரு வாழைப்பழம். விலை 62 லட்சம் டாலர். பழம் மட்டும் அன்றைக்குக் காலையில் தள்ளுவண்டியில் 35 சென்ட்டுக்கு வாங்கியது. ஒரு வாரம் கழித்து ஹாங்காங்கில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பழத்தை உரித்துத் தின்றுவிட்டார். மற்ற வாழைப்பழங்களைவிட ருசியாக இருந்ததாம்.

திட்டாதீர்கள். வாழைப்பழம் அழுகும், அது அந்தக் கலைஞருக்கும் தெரியும். வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும், எந்த உயரத்தில் எப்படி ஒட்டவேண்டும் என்ற குறிப்பும்தான். பழம் அழுகினால் வேறு பழம். கட்டெலான் காசுக்காரர்களைக் கிண்டல் செய்யத்தான் அதை ஒட்டினார் என்று நம்புகிறவர்கள் நிறைய. கிண்டலைக் காசுக்காரர்கள் கோபிக்காமல் காசு கொடுத்தே வாங்கிவிட்டார்கள். தொண்டைமானிடம் ஔவை பாடியதும் அவர், 'பிரமாதம், இந்த வஞ்சப்புகழ்ச்சி என்ன விலை?' என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதுதான் நடந்தது.

நம்மூர் ஹுசைன் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். எம்.எஃப்.ஹுசைன் 1954-ல் வரைந்த 'கிராம யாத்ரா', பதினான்கு அடி நீளம். டெல்லிக்கு வேலையாக வந்த ஒரு வெளிநாட்டு டாக்டர் அதை வாங்கி ஆஸ்லோவுக்கு எடுத்துப்போய், பிற்பாடு அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார். அது பல வருஷம் அங்கேயே சுவரில் தொங்கியது. மாத்திரை, எக்ஸ்ரே என்று அந்தப் பக்கம் போன எத்தனை பேர் நின்று பார்த்தார்களோ! 2025 மார்ச்சில் அது நியூயார்க்கில் ஒரு கோடியே 37 லட்சம் டாலருக்குப் போனது. சுமார் 118 கோடி ரூபாய், அன்றைய தேதிக்கு இந்திய நவீன ஓவியத்துக்கு ஏல ரெக்கார்டு. அடுத்த நாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம். இப்போது எல்லோரும் பார்த்தார்கள். படத்தையா, விலையையா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

இனி அந்த ஆயுதசாலை. ஜெனீவாவில் ஃப்ரீபோர்ட் என்று ஒரு கிடங்கு இருக்கிறது. வரி இல்லை, வெளியே சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருட்கள் உள்ளே இருப்பதாகச் சொல்கிறார்கள். அளவான குளிர், அளவான ஈரப்பதம், இருட்டு. கோடிகளைக் கொட்டி வாங்கிய ஓவியங்கள் பெட்டிக்குள் தூங்குகின்றன. உரிமையாளர் கைமாறும்; பெட்டி நகராது. சிங்கப்பூரிலும் 2010-ல் இப்படி ஒன்று திறந்தார்கள். மயில்பீலி சூட்டி, நெய் பூசி, காவல் போட்டு... போதும், உங்களுக்கே தெரியும் பாட்டு.

அரூர்ப் பக்கம் மஞ்சள் ஏலம் எடுக்கிறவர்கள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். குவியலில் கையை விட்டு, ஒரு விரலி மஞ்சளை எடுத்து டக்கென்று ஒடித்து, உள்நிறத்தைப் பார்த்த பிறகுதான் வியாபாரி வாயிலிருந்து விலையே வரும். பெருஞ்சித்திரனார் அதியமானிடம் கேட்டது இவ்வளவுதான். ஒடித்துப் பாரய்யா, அப்புறம் சொல் விலையை.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் பேர் வாங்கியவர்கள், காசு வாங்கியவர்கள், இரண்டுக்கும் சண்டை போட்டவர்கள். தர்மபுரி மாவட்டத்தில் வேறு ஒரு வகைக் கலை இருக்கிறது. ஊருக்கு வெளியே, வயல் வரப்பில், புளியமரத்தடியில் நிற்கும் நடுகற்கள். எதிரி மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான், இவன் மறிக்கிறான், செத்துப்போகிறான். ஊர் ஒரு கல்லை நட்டு, வில்லும் வாளுமாக அவன் உருவத்தைச் செதுக்கி, எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, யாருடைய மகன், எதற்காகச் செத்தான் என்று வட்டெழுத்தில் வெட்டிவைத்தது. பல்லவன் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துக் கற்கள்கூட இந்த வட்டாரத்தில் உண்டு. இப்படிப்பட்ட கல் ஒன்றில் எஜமானுக்காகக் காவல் நின்ற நாய்க்குக்கூடப் பெயர் உண்டு. செதுக்கிய சிற்பியின் பெயரைத்தான் காணோம். என்ன கூலி வாங்கினார், வாங்கினாரா என்றும் காணோம். அவருக்குப் பதிகம் எழுத ஆளில்லை.

ஜனங்கள் அந்த வீரனுக்கு வேடியப்பன் என்று பேர் வைத்து, பொங்கல் வைத்து, கோழி அறுத்துக் கும்பிடுகிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிற சிற்பத்தை ஒரு நாள்கூட விடாமல் யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எந்த ஃப்ரீபோர்ட் ஓவியத்துக்கும் இந்த யோகம் இல்லை.

அதனால் ஒரு கோரிக்கை. பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் உங்களுக்குச் சொந்த ஊரோ, சம்பந்தி வீடோ, வெறும் பஸ் பயணமோ, எதுவாக இருந்தாலும் சரி. வில் பிடித்த ஒரு கல்லைப் பார்த்தால் நின்று பாருங்கள். டிக்கெட் இல்லை. சாமி கும்பிடுங்கள், மாலை போடுங்கள், தாராளமாக. பக்தி மிகுந்துபோய் எனாமல் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், எழுத்து மூடிக்கொள்ளும். வீடு கட்டும்போது குறுக்கே நிற்கிறது என்று ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். எழுத்து தெரிந்தால் போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்கோ தாசில்தார் ஆபீசுக்கோ தகவல் சொல்லுங்கள். நேரம் இருந்தால் தர்மபுரி அரசு அகழ்வைப்பகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், அங்கே நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.